மணி அடித்துச் சோறு போட்ட மாஸ்ட் செல் அண்ணை

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் எதிரிக் கப்பல் ஒன்று நுழைந்தால், கடற்படைக்குத் தெரிவதற்கு முன்பே மாஸ்ட் செல் அண்ணைக்குத் தெரிந்துவிடும். அது எதிரிக் கப்பலா, இல்லை கோதுமை ஏற்றி வந்த கப்பலா என்பது அவருக்கு அவ்வளவு முக்கியமில்லை. முதலில் மணி அடிப்பார். பிறகுதான் யாரென்று கேட்பார். அதற்கும் பிறகு, வந்தவர்களை உட்காரவைத்துச் சோறு போடுவார்.

பயந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அள்ளிக் கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு குணமும் ஒரே சாரத்தைக் கட்டிக்கொண்டு நடந்ததை அவரிடம் மட்டும்தான் பார்த்தேன்.

உட்துறைமுக வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் அவர் போடிங், அதாவது சாப்பாட்டோடு அறை கொடுக்கிற விடுதி, நடத்தினார். போடிங் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கீழே சில அறைகள், ஒரு குசினி, ஒரு கிணறு, கால் ஆடுகிற கதிரைகள். மேல்மாடியில் வீட்டுச் சொந்தக்காரி குடியிருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை என்பதால் ஒழுங்கை முழுவதற்கும் அவர் 'ரீச்சர்'. அண்ணையின் உண்மையான பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. அடையாள அட்டையை எடுங்கள் என்று மற்றவர்களைக் கேட்பதுதான் அவர் வேலையாக இருந்ததே தவிர, அவரிடம் யாரும் கேட்டதில்லை.

கேற்றுக்குப் பக்கத்து வேப்பமரக் கிளையில் ஒரு கப்பல் மணி தொங்கியது. உடைத்து விற்ற ஏதோவொரு பழைய கப்பலின் மணி; பழைய இரும்புக் கடையில் கிடைத்ததாம். நடுக்கடலில் மூடுபனிக்குள் போகிற கப்பல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் இருக்கச் செய்த சாமான் அது. அதை ஒழுங்கைக்குள் வைத்து அடித்தால், படுத்திருப்பவர் எழும்புவார், எழும்பியிருப்பவர் உட்காருவார், மூதூருக்குப் புறப்பட்ட படகில் இருப்பவர்கூட ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.

கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர் வேலை கிடைத்து, கிளிவெட்டியிலிருந்து ஒரு பையும் ஒரு மூட்டை ஊர் அரிசியுமாக நான் அந்தக் கேற்றைத் திறந்தேன். மணி அடித்தது. மதிலுக்கு மேலால் தலைகள் முளைத்தன. சாரத்தை மடித்துக் கட்டிய ஒல்லி மனிதர் ஒருவர் கையில் வாளித் தண்ணீரோடு என் முன்னால் நின்றார்.

"ஆர் நீங்கள்? எங்கயிருந்து? மூட்டைக்குள்ள என்ன?"

"கிளிவெட்டி. வேலைக்கு வந்தனான். அறை இருக்கெண்டு நீங்கள்தானே போனில சொன்னனீங்கள்?"

"ஓம், சொன்னனான். ஆனா அந்த ஆள் நீங்கள்தான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"இப்ப சொல்லுறனே!"

என்னை மேலும் கீழும் பார்த்தார். வாளியை மெல்லக் கீழே வைத்தார். முகம் அப்படியே மாறியது. "சரி, சாப்பிட்டிட்டீங்களோ?"

பதில் சொல்வதற்குள் என் கையில் தட்டு இருந்தது. எனக்கு மட்டுமல்ல, மணிச் சத்தம் கேட்டு ஓடிவந்த அத்தனை பேருக்கும் சோறும் சூரை மீன் குழம்பும் வந்தன. திகைத்து நின்றது நான் ஒருவன்தான். மற்றவர்கள் வெகு இயல்பாகக் கிணற்றுக்கட்டில் அமர்ந்து பிசைந்து சாப்பிட்டார்கள். சிலர் தட்டையும் வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தார்கள்.

இதுதான் அங்கே நடைமுறை என்று பிறகு விளங்கியது. புதிதாக எது உள்ளே வந்தாலும் மணி. மணி அடித்தால் சோறு, சோறு முடிந்திருந்தால் பால் விடாத பிளேன்ரீயும் பாண் துண்டும். இதென்ன வழக்கம் என்று ஒருநாள் கேட்டேன். அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது.

"சனத்தை ஆபத்து எண்டு கூப்பிட்டுப்போட்டு, பிறகு ஒண்டுமில்லை, போங்கோ எண்டு வெறுங்கையோட அனுப்புறது மரியாதையோ, தம்பி?"

மீன் சந்தையில் அவர் கையால் சாப்பிடாதவர் இல்லை. ஆகவே குசினிக்கு மீன் தானாக வந்துகொண்டிருந்தது.

மின்சார மீற்றர் பார்க்க வருபவர் முதல்முறை வாளித் தண்ணீரில் நனைந்தார். இரண்டாவது முறை மணிச் சத்தத்தோடு நின்றது. அதன்பிறகு அவர் மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்து மட்டுமே எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். கேற்றைத் திறந்ததும் தானே போய் மணியை ஒருதரம் தட்டிவிட்டுக் கை கழுவுவார். அண்ணைக்கு அது பிடிக்காது. "மணி அடிக்கிறது என்ட வேலை" என்று சொல்லிவிட்டுத் தானும் ஒருதரம் அடித்துவிட்டுத்தான் சோறு போடுவார்.

ஒருநாள் மான் ஒன்று உள்ளே வந்தது. திருகோணமலையில் மான் தெருவில் திரிவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அண்ணை மட்டும் கரை ஏறிய திமிங்கிலத்தைக் கண்டவர்போல மணியை அடித்துத் தள்ளினார். ஒழுங்கை முழுவதும் வந்து மானைப் பார்த்தது. மான் எல்லாரையும் பார்த்தது. அதற்குமேல் என்ன செய்வது என்று இரு தரப்புக்கும் தெரியவில்லை. கடைசியில் சுண்டுவதற்கு அரிந்து வைத்திருந்த பொன்னாங்காணிக் கீரையை அண்ணை மானுக்கு வைத்தார். மான் அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாள் இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு வந்தது.

இறங்குதுறைக்கு வழி தெரியாமல் எங்கள் கேற்றுக்குள் தலையை நீட்டிய ஓர் இளம் கடற்படைச் சிப்பாய்க்கும் மணி அடித்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. அண்ணைக்குச் சிங்களத்தில் ஒரே ஒரு சொல்தான் தெரியும்: 'கன்ன', அதாவது சாப்பிடு. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே அவர் விசாரணையையும் நடத்தினார், விருந்தையும் நடத்தினார். "கன்ன" என்று அதட்டினார், சிப்பாய் மிரண்டார். "கன்ன, கன்ன" என்று இடியப்பத்தைத் தள்ளினார், சிப்பாய் சிரித்தார். போகும்போது அவர் அண்ணைக்கு ஒரு சலூட் வைத்தார். அண்ணை ஒரு கிழமைக்கு அதைப் பற்றியே பேசினார்.

இனிப் பெயர் வந்த கதை.

என் பக்கத்து அறையில் நவாஸ் இருந்தான். கிண்ணியாக்காரன், ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கிற வேலை. ஒருநாள் அவனுடைய தாய் மாமா ஒரு முட்டி எருமைத் தயிரோடு மருமகனைப் பார்க்க வந்தார். மணி அடித்தது. முட்டிக்குள் என்ன என்று அண்ணை கேட்டார். தயிர் என்றார் மாமா. "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்" என்றார் அண்ணை. வேறு யார் எப்போது தயிர் என்று பொய் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நவாஸ் வேலை முடிந்து வந்தபோது மாமா இரண்டாவது தட்டுச் சோற்றில் இருந்தார். ஒழுங்கைக்காரர்கள் தயிரை முடித்திருந்தார்கள்.

காலி முட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நவாஸ் சொன்னான்: "அண்ணை, நீங்க மனிசன் இல்ல. நீங்க ஒரு மாஸ்ட் செல்!"

"அதென்ன சாமான்?" என்று கேட்டேன்.

நவாஸ் விளக்கினான். உடம்பின் காவல்படையில் அது ஒரு வகைச் செல், அதாவது உயிர்க்கலம். தோலுக்குக் கீழே, மூக்கில், தொண்டையில், குடலில் என்று வெளியிலிருந்து சாமான் வருகிற வழியெல்லாம் குந்தியிருக்கும். உள்ளே பை பையாக மருந்துச் சாமான்களை அடைத்து வைத்திருக்கும். வேண்டாத ஆள் வந்தால் அத்தனையையும் ஒரேயடியாகக் கொட்டி ஊரைக் கூட்டும். "நல்ல வேலைதான். ஆனா சில பேருட உடம்பில அது ஆளைப் பாக்கிறேல்ல. தூசி வந்தாலும் கொட்டும், ஒரு துண்டு இறால் வந்தாலும் கொட்டும். தும்மல், சொறியிற கடி, வீக்கம் எல்லாம் அதாலதான். தயிர் முட்டிக்கு மணி அடிக்கிற ஆளுக்கு வேற என்ன பேர் வைக்கிறது?"

மாலைக்குள் அந்தப் பெயர் ஒழுங்கையைத் தாண்டியது. மறுநாள் மீன் சந்தையில் "மாஸ்ட் செல் அண்ணை, பாரை வேணுமோ?" என்று கூப்பிட்டார்கள். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்று இரவு குழம்பில் உப்பு இல்லை.

"நான் வீக்கம் வரப்பண்ணுற ஆளோ, தம்பி?" என்று என்னிடம் கேட்டார். "எனக்கு வைச்ச பேருக்கு என்ன அர்த்தம் எண்டு எனக்குத் தெரியவேணும். அந்தச் செல்லுக்கு உந்தப் பேரை ஆர் வைச்சது? ஏன் வைச்சது?"

நவாஸுக்கு அது தெரியவில்லை. வேலை தெரியும், பெயர்க் காரணம் தெரியாது என்று கையை விரித்தான். சுங்கத்தில் வேலை செய்கிற ஒருவரை அண்ணை மறித்துக் கேட்டார். அப்படியொரு பொருள் இறக்குமதிப் பட்டியலில் இல்லை என்று அவர் உறுதியாகச் சொன்னார். உயிரியல் ரியூசன் மாஸ்டர் ஒருவரிடமும் போனார். "அது சோதினைக்கு வராது, விடுங்கோ" என்றார் அவர். கடைசியில் நவாஸ்தான் எங்கேயோ வாசித்துவிட்டு, அது ஜெர்மன் மொழிச் சொல்லாம் என்று ஒரு துப்பைக் கொடுத்தான். மிச்சத்தையும் அவன் வாசிக்கட்டும் என்று அண்ணை பொறுத்திருக்கவில்லை.

"ஜெர்மன்காரர் நிலாவெளியில இருக்கினம். வாங்கோ போவம்."

ஞாயிற்றுக்கிழமை நிலாவெளி பஸ்ஸில் போனோம். கடற்கரை விடுதி ஒன்றின் முற்றத்தில் வயதான ஒரு ஜெர்மன் அம்மா தொப்பியால் முகத்தை மூடிப் படுத்திருந்தார். அண்ணை கைகூப்பினார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், உங்கள் மொழியில் மாஸ்ட் என்றால் என்ன என்று கேட்டேன். அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோழி விற்க வந்தவர்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அவருக்கும் ஆங்கிலம் அரைகுறைதான். ஆகவே நடித்துக் காட்டினார். கழுத்தை நீட்டி வாத்துபோலக் கத்தினார். அதன் வாயில் தீனியை அள்ளி அள்ளிப் போட்டார். பிறகு கன்னத்தை உப்பி, இரண்டு கையாலும் பெரிய வயிறு ஒன்றைக் காற்றில் வரைந்தார்.

அண்ணை கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, சாப்பாடு குடுக்கிறதெல்லோ?" என்றார். "கொழுக்கக் கொழுக்கச் சாப்பாடு குடுக்கிறது!"

அந்த அம்மா தலையை ஆட்டினார். அண்ணை அந்த இடத்திலேயே மடியிலிருந்த பொதியை அவிழ்த்து, பஸ்ஸில் சாப்பிடக் கொண்டுவந்த ரொட்டியையும் சம்பலையும் அவரிடம் நீட்டினார். அம்மா சாப்பிட்டார், கண் கலங்கினார். சம்பல் கொஞ்சம் உறைப்பு.

திரும்பி வந்தபோது நவாஸ் மிச்சத்தையும் வாசித்து வைத்திருந்தான். முன்னொரு காலத்தில் ஜெர்மன் விஞ்ஞானி ஒருவர் சாயம் போட்டு இந்தக் கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தாராம். உள்ளே மணி மணியாக என்னவோ நிரம்பி வழிந்ததாம். ஆகா, இது நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்த கலம், அக்கம்பக்கத்துக்கும் போசாக்குக் கொடுக்கிற கலம் என்று நினைத்து, தீனி போடுதல் என்ற பொருளில் அந்தப் பெயரை வைத்துவிட்டாராம்.

"ஆனா அண்ணை, அவர் நினைச்சது பிழை" என்றான் நவாஸ். "உள்ளுக்கு இருக்கிறது சாப்பாடு இல்ல. அபாயம் எண்டா கொட்டுற சாமான். அது பிறகுதான் தெரிய வந்த. பேர் மட்டும் அப்பிடியே நிண்டுட்டு."

"அப்ப அந்தச் செல் ஒருத்தருக்கும் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?"

"இல்ல, அண்ணை."

அண்ணை சாரத்தை மடித்துக் கட்டினார். "பரவாயில்லை. அது செய்யாத வேலையை நான் செய்யிறன்."

அன்று முதல் மாஸ்ட் செல் அண்ணை என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்த்தார். பெயருக்குத் தகுந்தபடி நடக்க வேண்டாமா? பானை பெரிதானது. மணியும் கூடியது. புதுக் காகம் வந்தால் மணி, பழைய காகம் புதுக் கிளையில் இருந்தால் மணி. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த காற்சட்டைகள் ஒவ்வொன்றாக என்னைக் கைவிட்டன.

ரீச்சர் அப்போது கனடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மாலை வகுப்பு நடக்கும்போது, ஒழுங்கைக்குள் வந்த பலூன்காரரைக் கண்டு அண்ணை மணி அடித்தார். இங்கே மாலை, அங்கே காலை. கணினிக்குள்ளால் போன சத்தத்தைக் கேட்டுத் தங்கள் வீட்டில்தான் தீப்பிடித்தது என்று நினைத்து, அங்கே ஒரு குடும்பமே உள்ளாடையோடு பனிக்குள் இறங்கி நின்றதாம்.

ரீச்சர் படியிறங்கி வந்தார். அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. அதுதான் பயம்.

"இஞ்ச பாருங்கோ. இனி ஒருக்கா அந்த மணிச் சத்தம் கேட்டா, நீங்கள் வேற இடம் பாக்க வேண்டியதுதான். நான் சொன்னாச் சொன்னதுதான்."

அண்ணைக்கு மனைவி மக்கள் இல்லை, வேறு வீடும் இல்லை. அந்தப் போடிங்தான் அவருக்கு வீடு, நாங்கள்தான் வீட்டுச் சனம். மணியின் நாக்கில் பழைய பெனியன் ஒன்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். கட்டும்போது அவர் கண்ணை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை.

அதன்பிறகு வந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு காய்கிறது. மணி இல்லையென்றால் அபாயம் இல்லை. அபாயம் இல்லையென்றால் மன்னிப்புச் சோறும் இல்லை. மீற்றர்காரர் வந்து, பெனியன் கட்டிய மணியைப் பார்த்துவிட்டு, வாசித்த இலக்கத்தைத் துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாடிப்போய்த் திரும்பினார். மான்கள் கேற்றடியில் நின்று பார்த்துவிட்டுப் போயின. புதியவர் யாராவது வந்தால் அண்ணை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஆர் நீங்கள்?" என்று இரகசியம்போலக் கேட்பார். கேட்டு முடிவதற்குள் அவருக்கு வேர்த்துவிடும். ஒழுங்கை அமைதியாக இருந்தது. அந்த அமைதி ஒருவருக்கும் பிடிக்கவில்லை, ஆனால் ரீச்சரிடம் போய்ச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

அப்படியொரு ஞாயிறு மதியம். எங்களைக் கொஞ்சம் உற்சாகப்படுத்த வேண்டுமென்று அண்ணை நண்டுக் கறி வைத்தார். முருங்கையிலை போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, கிண்ணமே வாசனையாக இருந்தது. நண்டு சாப்பிட்டால் எனக்கு உதடு கொஞ்சம் அரிக்கும். அது உறைப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்று மூன்றாவது நண்டுக் காலை உடைக்கும்போது உள்ளங்கை அரித்தது. பிறகு கழுத்து, பிறகு காது. உதடு தடித்து எனக்கே பாரமாக இருந்தது. நவாஸ் என்னை நிமிர்ந்து பார்த்தான். கையிலிருந்த சோற்றைப் போட்டுவிட்டு எழும்பினான்.

"வாயைத் திற. மூச்சு விட ஏலுதா?"

"கொஞ்சம் இறுக்கமா…" என்று சொல்ல வந்தேன். என் குரல் எனக்குக் கேட்கவில்லை.

"அண்ணை, இது சும்மா கடி இல்ல. தொண்டை வீங்குது. இப்பவே ஊசி போடணும், இல்லாட்டி மூச்சு அடைச்சிரும்" என்றான் நவாஸ். அம்புலன்சுக்குத் தொலைபேசி எடுத்தான். வெளியே ஓடினான், அதே வேகத்தில் திரும்பி வந்தான். "ஒழுங்கை வாயில ஐஸ் லொறி நிக்குது! மதிலுக்கு மதில் அடைச்சு நிப்பாட்டிட்டுப் போயிட்டான். அம்புலன்ஸ் வந்தாலும் உள்ள வராது."

லொறிக்கும் மதிலுக்கும் நடுவால் மெலிந்த ஆள் பக்கவாட்டில் நுழைந்து போகலாம். வந்த புதிதில் நானும் போயிருப்பேன். அண்ணையின் பானை பெரிதான பிறகு அது நடக்கிற காரியமல்ல. என்னைத் தூக்கி லொறிக்கு மேலால் கடத்துவதும் இரண்டு பேரால் முடியாது.

"லொறிக்காரன் எங்க?" என்று அண்ணை கேட்டார்.

"ஆருக்குத் தெரியும்? சாப்பிடப் போயிருப்பான்!"

அண்ணை நிமிர்ந்தார். "சாப்பாட்டுக்கோ? அப்ப நான் கூப்பிடுறன்."

ஒருதரம் மேல்மாடியைப் பார்த்தார். நான் கதிரையில் சாய்ந்தபடி அதைக் கண்டேன். வேண்டாம் என்று சொல்லக் கையை உயர்த்தினேன், கை உயரவில்லை. அவர் போய்ப் பெனியனைப் பிய்த்தெறிந்தார். மணி அடித்தது. வாழ்நாளில் அடிக்க வேண்டிய மணியெல்லாம் சேர்த்து அடித்தார்.

இப்படிப்பட்டவர் அழைத்தால் யாராவது வருவார்களா என்று நீங்கள் நினைப்பீர்கள். எத்தனையோ நாள் ஒன்றுமில்லாததற்கு அடித்த மணி அது. ஆனால் எங்கள் ஒழுங்கைக்காரர்களுக்கு அந்த மணி ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அது சோறு என்றது, சோறு கிடைத்தது. இத்தனை நாள் காய்ந்து கிடந்த சனம் வேறு. கதவுகள் திறந்தன. எல்லாரும் ஓடி வந்தார்கள், கையில் தட்டோடு.

ஓட்டோக்கார அண்ணன் தட்டோடு வந்தார். மீன் சந்தைக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். கடைசியாக, யாரோ ஒருவர் வீட்டில் விருந்துக்கு வந்து அந்த வீட்டுத் தட்டையே எடுத்துக்கொண்டு, புதிதாக ஓர் ஆள் ஓடி வந்தார். "இஞ்ச சாப்பாடு குடுக்கிறாங்களாமே?" என்றார்.

"நீ ஆர்?" என்று அண்ணை கத்தினார்.

"லொறிக்காரன்."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புது ஆளைக் கண்டு அண்ணை சந்தோஷப்பட்டார். "எடு லொறியை!" என்று அவரைத் தட்டோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனார். சந்தைக்காரர்கள் சூரை தூக்குகிற தோளில் என்னைத் தூக்கினார்கள். லொறி நகரவும் அம்புலன்ஸ் வந்து ஒழுங்கை வாயில் நிற்கவும் சரியாக இருந்தது. தொடையில் ஊசி ஏறியது. கொஞ்ச நேரத்தில் காற்று உள்ளே போனது. காற்று இவ்வளவு ருசியான சாமான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தபோது அண்ணை பக்கத்தில் குந்தியிருந்தார். நவாஸ் தலைமாட்டில் நின்றான்.

"உன்ட உடம்புக்குள்ள இருக்கிற மாஸ்ட் செல்லெல்லாம் நண்டைக் கண்டுட்டு ஒரேயடியாக் கொட்டியிருக்கு" என்றான். "ஒண்டுமில்லாததுக்கு ஊரைக் கூட்டின."

அண்ணை தலையைக் குனிந்தார். "நான்தானே நண்டு சமைச்சனான், தம்பி."

நான் அவர் கையைப் பிடித்தேன். பேச முடிந்திருந்தால் ஏதாவது பகிடி விட்டிருப்பேன். பேச முடியாததால் அழுதுவிட்டேன். அவரும் அழுதார். நவாஸ் எங்கள் இருவருக்கும் இரத்த அழுத்தம் பார்த்தான்.

நான் வீடு திரும்பிய அன்று, அண்ணை தன் உடுப்புப் பெட்டியைக் கட்டி முற்றத்தில் வைத்திருந்தார். சொன்ன சொல் சொன்னதுதானே. மாலையில் ரீச்சர் படியிறங்கி வந்தார். ஒழுங்கைக்காரர்கள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரு விஷயம் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த ஞாயிறு, மணிச் சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களில் ரீச்சரும் ஒருவர். அவர் கையிலும் ஒரு தட்டு இருந்தது.

ரீச்சர் பெட்டியைப் பார்த்தார். "உதென்ன?"

"நீங்கள் சொன்னனீங்கள்தானே, ரீச்சர். மணி அடிச்சா…"

"அதை விடுங்கோ. அண்டைக்கு மணி அடிச்சும் சனத்துக்குச் சோறு குடுக்கேல்லை எண்டு ஒழுங்கை முழுக்கக் கதை. என்ட வீட்டில இருந்துகொண்டு இப்பிடிச் செய்யலாமோ? பெட்டியை உள்ளுக்கு வைச்சிட்டு உலையை வையுங்கோ." போகிறபோது திரும்பினார். "வகுப்பு நேரத்தில மட்டும் அடியாதேங்கோ. அந்தப் பிள்ளையளுக்கு அங்க சரியான குளிர்."

அன்று இரவு ஒழுங்கை முழுவதும் எங்கள் முற்றத்தில் சாப்பிட்டது. ஐஸ் லொறிக்காரர் மூதூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். சாம்பார், பருப்பு, கத்தரிக்காய், அப்பளம். நண்டும் இல்லை, இறாலும் இல்லை. எல்லாருக்கும் பெரிய பானையில் சமைத்த அண்ணை, எனக்கு மட்டும் அடுப்பின் மற்றப் பக்கத்தில் ஒரு புதுச் சட்டியில் தனியாகச் சமைத்தார். கடல் சாமான் பட்ட பாத்திரம் எனக்கு ஆகாது என்று வைத்தியர் சொன்னதை அவர் மனதில் வைத்திருந்தார். சட்டி மாறிவிடக் கூடாதென்று, படகுக்குப் பூசுகிற நீலப் பெயின்றால் அதன் வெளிப்புறத்தில் 'கிளிவெட்டித் தம்பி' என்று எழுதியிருந்தார். எழுத்து கோணல்தான்.

நான் இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். கல்யாணம் ஆகி, குசினி நிறையப் பாத்திரங்களோடு குடித்தனம் நடத்துகிறேன். போன மாதம் நவாஸ் தொலைபேசியில் சொன்னான். அண்ணை அந்தச் சட்டியில் இன்றுவரை வேறு யாருக்கும் சமைப்பதில்லையாம். ஒவ்வொரு வெள்ளியும் அதைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கிறாராம், நான் எப்போது பசியோடு வருவேன் என்று யாருக்குத் தெரியும் என்று சொல்லி.